ஜாக் தடுப்பான்: என்சைம் தட்டிலிருந்து எலியின் கால் வரை

முடக்குவாதத்துக்குப் புதிய ஜாக் தடுப்பான் (அழற்சிச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஜாக் என்சைம்களை முடக்கும் மருந்து) தேடும் வேலையில் முதல் ஏமாற்றம் என்சைம் சோதனையிலேயே காத்திருக்கும். ஐசி50, அதாவது என்சைமின் வேலையைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவு, 2 நானோமோலார் என்று வரும். அதே காம்பவுண்ட் செல்லுக்குள் போனதும் 200, 300 என்று ஏறிவிடும். காரணம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி. சோதனைத் தட்டில் நாம் விடுவது மைக்ரோமோலார் அளவு, செல்லுக்குள் இருப்பதோ 1 முதல் 5 மில்லிமோலார். என்சைமில் ஏடிபி உட்காரும் இடத்துக்குத்தான் நம் மூலக்கூறும் போட்டி போடுகிறது. அதனால் 1 மில்லிமோலார் ஏடிபியிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எந்த எண்ணையும் நாங்கள் நம்புவதில்லை. ஜாக் குடும்பத்து என்சைம்களான ஜாக்1, ஜாக்2, ஜாக்3, டிஒய்கே2 நான்குக்கும் ஏடிபி மீதான பிடிப்பு ஒரே மாதிரி இல்லை; குறைந்த ஏடிபியில் தெரிகிற தேர்வுத்திறன் (ஒன்றைத் தடுத்து மற்றவற்றை விட்டுவைப்பது) பல சமயம் செல்லில் காணாமல் போகிறது.

நீர்த்தலிலும் கவனம் வேண்டும். 10 மில்லிமோலார் காம்பவுண்ட் கரைசலை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலேயே படிப்படியாக நீர்த்து, கடைசியில்தான் பஃபருக்கு (நீர்க் கரைசல்) மாற்ற வேண்டும். பஃபரில் நீர்த்துக்கொண்டே போனால் தட்டின் முதல் குழியிலேயே காம்பவுண்ட் படிந்துவிடும், பிறகு வருகிற வளைவு முழுக்கத் தப்பு. செல்லில் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எங்களைக் கேட்டால், எலிக்குப் போகும் முன் தவிர்க்கவே கூடாதது முழு ரத்தச் சோதனை. பிளாஸ்மா புரதங்கள் எவ்வளவு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பது இங்கேதான் வெளிப்படும். ஹெபாரின் குழாயில் எடுத்த புது ரத்தம் வேண்டும். ஈடிடிஏ குழாய் வேண்டாம், அது கால்சியத்தைப் பிடித்துவிடும். காம்பவுண்டோடு 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு ஜாக்கைத் தூண்டும் அழற்சிப் புரதமான ஐஎல்-6 100 நானோகிராம்/மில்லி, 15 நிமிடம். மணி அடித்ததும், முன்பே 37 டிகிரிக்குச் சூடாக்கி வைத்த லைஸ்-ஃபிக்ஸ் கரைசலை (சிவப்பணுக்களை உடைத்து, மற்ற செல்களை அப்படியே நிலைப்படுத்துவது) ரத்தத்தின் 20 மடங்கு ஊற்றி உடனே கலக்க வேண்டும். இங்கே தாமதித்தால் ஜாக் வேலை செய்ததன் அடையாளமாக ஸ்டாட்3 புரதத்தில் ஏறிய பாஸ்பேட் கழன்றுவிடும். மருந்தே இல்லாத குழாயும் மருந்து வேலை செய்தது போலக் காட்டும். அடுத்து, ஆன்டிபாடி உள்ளே போகச் செல்லைத் திறக்கும் குளிர்ந்த மெத்தனால், டி செல்களை அடையாளம் காட்டும் சில சிடி3 ஆன்டிபாடிகளின் பிடிமானத்தை அழித்துவிடும் என்பதால், மெத்தனாலைத் தாங்கும் ஆன்டிபாடி வகையையே (குளோன்) வாங்குங்கள். அதே ரத்தத்தில் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் கொடுத்து, மோனோசைட் என்ற வெள்ளணுவில் ஸ்டாட்5 பார்த்தால் ஜாக்2 கணக்கும் கிடைக்கும். ஐஎல்-6 வழியாக ஜாக்1, ஜிஎம்-சிஎஸ்எஃப் வழியாக ஜாக்2. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உண்மையான தேர்வுத்திறன்.

மூட்டழற்சியை வரவழைக்கும் எலி மாதிரிக்கு டிபிஏ/1 இன ஆண் எலிகள், மாட்டின் இரண்டாம் வகைக் கொலாஜன் (குருத்தெலும்புப் புரதம்). 0.05 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 2 மில்லிகிராம்/மில்லி என்று 4 டிகிரியில் இரவு முழுவதும் மெதுவாகக் கரைய விட வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் கொலாஜனின் முச்சுருள் அவிழ்ந்துவிடும், மூட்டு வீங்கவே வீங்காது. பிறகு சம அளவு ஃப்ராய்ண்ட் முழு அட்ஜுவன்ட்டோடு (நோயெதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்க் கலவை) பனிக்கட்டி மேல் வைத்து எமல்ஷன் ஆக்க வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: உருண்டையாக நின்றால் சரி, பரவினால் இன்னும் கலக்க வேண்டும். வால் அடியில், தோலுக்குள் 0.1 மில்லி; 21-ஆம் நாள் பூஸ்டர் ஊசி. நோய் வராத எலிகள் நிறைய இருந்தால் முதலில் எமல்ஷனைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வீக்கத்துக்கு ஒரு காலுக்கு 0 முதல் 4, மொத்தம் 16 மதிப்பெண். எந்த எலிக்கு எது கொடுத்தார்கள் என்று தெரியாதவரே மதிப்பெண் போட வேண்டும். ஆண் எலிகள் கடித்துக்கொண்டு வரும் வீக்கம் மூட்டழற்சி போலவே இருக்கும். தோலில் காயம் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதக் கூடாது. பூஸ்டருக்கு முன்பே மருந்து தொடங்கினால் எண்கள் அழகாக வரும், ஆனால் அது நோய் உருவாவதைத் தடுப்பது. நோயாளி வருவது வீங்கிய மூட்டோடு. ஆகவே ஒவ்வொரு எலிக்கும் வீக்கம் தெரிந்த பிறகே குழு ஒதுக்கி மருந்து தொடங்குகிறோம்.

டோஃபாசிட்டினிப் என்ற ஜாக் தடுப்பான் 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2021-இல் அந்நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ இதய நோய், ரத்தக்கட்டு, புற்றுநோய் குறித்து இந்த வகை மருந்துகளுக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. அதன் பிறகு, வீக்கத்தைக் குறைக்கும் டோஸை மட்டும் காட்டினால் போதாது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஜாக்2 வழியாகவே வேலை செய்வதால் ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கையும் எடுக்க வேண்டும், அதுவும் நோயில்லாத எலிகளில் தனியாக. அழற்சியே ரத்தசோகையைக் கொண்டுவரும் என்பதால், நோயுற்ற எலியில் எது மருந்தால் வந்தது என்று பிரிக்க முடியாது.