எண்பத்தெட்டு நிமிடங்களும் ஒரு கைப்பேசியும்

அல் பசினோ நடித்த '88 மினிட்ஸ்' படத்தைச் சென்ற ஞாயிறு இரவு இரண்டாம் முறையாகப் பார்த்தேன். முதல் முறை ஏற்பட்ட ஏமாற்றத்துக்கு அவர்மீது நான் வைத்திருந்த மிதமிஞ்சிய எதிர்பார்ப்புதான் காரணமோ என்ற ஐயம் வெகுநாள் இருந்தது. படம் தொடங்கி அரைமணி நேரத்துக்குள் அந்த ஐயம் தீர்ந்துவிட்டது. குறை படத்தில்தான் இருக்கிறது.

கதைக்கரு ஒன்றும் மோசமானதல்ல. சியாட்டில் நகரில் ஜாக் கிராம் என்ற தடயவியல் மனநல மருத்துவர் கல்லூரியில் பாடமும் நடத்துகிறார். பெண்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொன்றதாக ஜான் ஃபோர்ஸ்டர் என்பவனுக்கு மரண தண்டனை கிடைத்ததற்கு அவருடைய சாட்சியமும் முக்கியக் காரணம். ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தண்டனை நிறைவேறவிருக்கும் நாளில், அதே பாணியில் இன்னொரு கொலை நடக்கிறது. சிறைக்குள் இருப்பவன் நிரபராதியோ என்ற கேள்வி எழும் வேளையில், கிராமின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்து, அவர் உயிரோடு இருக்கப்போவது இன்னும் 88 நிமிடங்கள் மட்டுமே என்று சொல்கிறது. ஒரு த்ரில்லர் படத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எளிதில் அமையாது.

படத்தின் மொத்த நீளம் 108 நிமிடம். தொடக்கக் கொலைக்கும் வழக்குக்கும் ஆன நேரத்தைக் கழித்துவிட்டால், கதைக்குள் ஓடும் கடிகாரமும் நம் கையில் கட்டியிருக்கும் கடிகாரமும் ஏறத்தாழ ஒன்றாகவே நகர வேண்டும் என்பதுதான் இயக்குநர் ஜான் அவ்னெட்டின் திட்டமாகத் தெரிகிறது. 1952இல் வந்த 'ஹை நூன்' இதை 85 நிமிடங்களில் செய்து காட்டியது: நண்பகல் ரயிலில் வரப்போகும் பகைவனுக்காக ஊரின் காவல் அதிகாரியான மார்ஷல் காத்திருக்கையில் சுவர்க்கடிகாரத்தின் முள் நகர நகர, அவருக்குத் துணைநிற்க வேண்டிய ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள். அங்கே நேரம் குறையக் குறைய நாயகன் தனியாகிறான். இங்கேயோ நேரம் குறையக் குறைய ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். மாணவி, மாணவன், கல்லூரித் தலைவர், உதவியாளர், எஃப்.பி.ஐ. அதிகாரி, தோல்சட்டை அணிந்த மோட்டார் சைக்கிள்காரர் என எல்லோரும் ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுப் போக, நாம் எல்லோரையும் சந்தேகித்துச் சலித்து, கடைசியில் யாரையும் சந்தேகிக்காத நிலைக்கு வந்துவிடுகிறோம்.

படம் நெடுக பசினோவின் காதில் கைப்பேசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருடைய நடிப்பெல்லாம் வீணாவதற்கு இதுவே காரணம் என்று முதலில் எழுத நினைத்தேன். பிறகு யோசித்தால் அது சரியில்லை. 1975இல் வந்த 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்தில் கொள்ளையடிக்கப் போய் வங்கிக்குள் மாட்டிக்கொண்ட சன்னி, வெளியே இருக்கும் தன் துணை லியோனிடம் பேசும் நீண்ட காட்சியும் தொலைபேசிக் காட்சிதான். பசினோவின் மிகச் சிறந்த நிமிடங்களில் அதுவும் ஒன்று. 2002இல் வந்த 'இன்சோம்னியா' படத்தில் இன்னும் நெருக்கமான ஒப்புமை இருக்கிறது. அலாஸ்காவின் அணையாத வெளிச்சத்தில் தூங்க முடியாமல் தவிக்கும் காவல் அதிகாரியைக் கொலைகாரனே தொலைபேசியில் அழைக்கிறான். அவர் தம் சகாவைச் சுட்டதைத் தான் பார்த்துவிட்டதாக அவன் சொல்லும்போது, பசினோவின் முகத்தில் குற்றவாளியின் அச்சமும் காவலரின் கணக்கும் ஒருசேர ஓடும். அங்கே மறுமுனையில் இருப்பது ராபின் வில்லியம்ஸ். அதைவிட முக்கியமாக, அவனுக்கு இவரிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. '88 மினிட்ஸ்' படத்தின் மறுமுனைக் குரலுக்கு மீதி நிமிடங்களை அறிவிப்பதைத் தவிர வேறு வேலை பெரிதாக இல்லை. மற்ற அழைப்புகளும் கோப்பை எடு, முகவரியைத் தேடு, அவனை விசாரி என்ற ஏவல்களாகவே கழிகின்றன. எதிரே ஓர் ஆள் இல்லாமல் எந்த நடிகராலும் எதிர்வினை ஆற்ற முடியாது. ஆகவே பசினோ விழியை உருட்டுகிறார், குரலை உயர்த்துகிறார், வேகமாக நடக்கிறார்.

படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். படித்தாலும் பெரிய இழப்பில்லை. கிராமின் மாணவியாக வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் உண்மையில் ஃபோர்ஸ்டரின் வழக்கறிஞர் என்று கடைசியில் தெரியவருகிறது. தண்டனை நாள் நெருங்கிய கைதியின் வழக்கறிஞர், அந்த வழக்கின் முக்கியச் சாட்சியிடமே பொய்ப் பெயரில் பாடம் கேட்கிறார், அது எவருக்கும் தெரியவில்லை என்பதை நம்ப வேண்டுமானால், பார்வையாளனை அதற்கு முன்பே கொஞ்சம் தயார்படுத்தியிருக்க வேண்டும். திருப்பம் என்பது திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி தெரிவது. இங்கே திரும்பினால் வழியே இல்லை.

2005இல் கனடாவின் வான்கூவரில் சியாட்டிலாக வேடமிட்டு எடுக்கப்பட்ட இந்தப் படம், சில நாடுகளில் 2007இல் வெளியாகி, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 2008 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதே இயக்குநர் ராபர்ட் டி நீரோவையும் சேர்த்துக்கொண்டு 'ரைட்டியஸ் கில்' என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். இவ்விரண்டுக்கும் சேர்த்துப் பசினோவின் பெயர் மோசமான நடிகருக்கான ராஸி விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் எழுத்தாளர் கேரி ஸ்காட் தாம்சனின் பெயரைச் சேர்த்திருந்தால் எனக்கு மறுப்பிருந்திருக்காது.

இத்தனைக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த எண் ஏன் 88 என்பது, கிராம் தம் தங்கை கேட்டியைப் பற்றிச் சொல்லும்போது தெரியவருகிறது: அவளைத் தனியே விட்டுச் சென்றிருந்த வேளையில் கொலைகாரன் அவளைக் கொல்ல எடுத்துக்கொண்ட நேரம் அது. இதைச் சொல்லும்போது பசினோ எதையும் உயர்த்தவில்லை. குரல் தாழ்ந்து, அறுபது வயதைத் தாண்டிய அந்த முகம் சட்டென்று களைத்துப்போகிறது. கேட்பதற்கு ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். அந்த நிமிடங்களில் மட்டும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.