வெறும் கெழுவை மட்டும் அனுப்பாதீர்கள்

எங்கள் வேலையில் காற்றோட்டக் கணக்கை ஒருவர் போடுவார், பாகம் எவ்வளவு சூடாகும் என்பதை இன்னொருவர் பார்ப்பார். நான் இரண்டாவது ஆள். எனக்கு வரும் கோப்பில் பெரும்பாலும் வெப்பப் பரிமாற்றக் கெழு மட்டும்தான் இருக்கும். உடனே கேட்டுவிடுவேன்: எந்த வெப்பநிலையை வைத்துப் போட்டது?

சிமுலேஷன் நேரடியாகக் கணக்கிடுவது, சுவர் வழியாகப் போகும் வெப்பத்தை. அதை, சுவர் வெப்பநிலைக்கும் நாம் தேர்ந்தெடுத்த குறிப்பு வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் வருவதுதான் கெழு. ஆகவே குறிப்பு மாறினால் கெழுவும் மாறும்.

சுவர் 80 டிகிரி செல்சியஸ், அதிலிருந்து சதுர மீட்டருக்கு 1,100 வாட் வெளியேறுகிறது என்று வையுங்கள். நுழையும் காற்றின் 25 டிகிரியைக் குறிப்பாக எடுத்தால் கெழு 20. சுவரை ஒட்டிய காற்றின் 45 டிகிரியை எடுத்தால் 31.4. ஃபுளூயன்ட் என்ற சிமுலேஷன் மென்பொருளின் இயல்பு மதிப்பான 288.16 கெல்வினை, அதாவது சுமார் 15 டிகிரியை, யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் 16.9. மூன்றும் சரிதான், சுவர் 80 டிகிரியிலேயே இருக்கும்வரை. என் கணக்கில் சுவர் 60 டிகிரிக்கு இறங்கியதும் அதே மூன்று கெழு-குறிப்பு ஜோடிகளும் 700, 471, 761 வாட் என்று பிரிந்துபோகின்றன. கெழுவை ஒன்றிலிருந்தும் வெப்பநிலையை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் 80 டிகிரியிலேயே தப்பு.

கெழு மைனஸில் வந்தால் சிலர் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலையை, சந்தேகிக்கிறார்கள். முதலில் குறிப்பைப் பாருங்கள். சுவர் 30, குறிப்பு 25, ஆனால் அந்த மூலையில் தேங்கிய காற்று 40 என்றால் வெப்பம் சுவருக்குள்தான் போகும். வகுத்தால் மைனஸ்தான் வரும்.

குழாய்க்குள் என்றால் அந்தந்தக் குறுக்குவெட்டின் சராசரிக் கலவை வெப்பநிலையை எடுப்பது வழக்கம். அதிவேகப் பாய்வில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. மாக் 2-இல், அதாவது ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில், 220 கெல்வின் காற்று, அதாவது மைனஸ் 53 டிகிரி. ஆனால் சுவரை ஒட்டி வேகம் குறையும் காற்று சூடாவதால், வெப்பம் கடத்தாத சுவர் ஒன்று அந்தக் கொந்தளிப்புப் பாய்வில் ஏறக்குறைய 377 கெல்வினுக்கு, 100 டிகிரிக்கும் மேலே, சூடாகும். அதனால் 50 டிகிரியில் இருக்கும் சுவரை அந்தக் குளிர்ந்த காற்று சூடாக்கத்தான் செய்யும். இங்கே குறிப்பு அந்த 377 தான்.

எதை எடுப்பது என்று தெரியாத சிக்கலான இடங்களில் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. சுவருக்கு இரண்டு வேறு வெப்பநிலை கொடுத்து, கணக்கை இரண்டு முறை ஓட்டச் சொல்வேன். சுவர் வெப்பநிலைக்கு எதிராக வெப்பத்தை வரைந்தால், அந்த இரண்டு புள்ளிகள் வழியே போகும் கோட்டின் சாய்வு கெழு; வெப்பம் பூஜ்யமாகும் இடம் குறிப்பு வெப்பநிலை. விசிறி இல்லாமல் சூட்டால் காற்று தானே நகரும் இயற்கை வெப்பச்சலனத்தில் கெழுவே வெப்பநிலை வித்தியாசத்தோடு மாறும் என்பதால், அங்கே இரண்டு வெப்பநிலைகளையும் பாகம் உண்மையில் வேலை செய்யும் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.