சிவனொளிபாதத்துக்குப் பாதி வழி

யாழ்ப்பாணத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருப்பது கீரிமலைதான். அங்கே போனால் கேணி இருக்கும், கடல் இருக்கும், நகுலேஸ்வரர் இருப்பார். மலை மட்டும் இருக்காது. சின்ன வயதில் பெயரை நம்பி மலை ஏறப்போகிறோம் என்று துள்ளிக்கொண்டு போய், கடைசியில் கேணிக்குள் இறங்கிக் குளித்துவிட்டு வந்தவன் நான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து 13 பேர், அதிலும் 5 பேர் அறுபதைத் தாண்டியவர்கள், சிவனொளிபாதமலைக்கு வெளிக்கிட்டோம்.

நேர்த்தி பெரியமாமியுடையது. மாமாவும் அவவும் சோடியாகப் போய்க் கும்பிடுவதாக வைத்த நேர்த்தி. சண்டைக் காலத்தில் பாதை இல்லை. 2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி திறந்தபோது மாமாவுக்கு வருத்தம். 2006 இல் திரும்பவும் பூட்டினார்கள். பிறகு பாதை திறந்தபோது மாமா இல்லை. “அவருக்கும் சேர்த்து நான் ஏறிறன்” என்றா மாமி. அதற்கு மேல் யார் மறுத்துப் பேசுவது?

நாள் பார்த்தது நான். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிழை அங்கேதான் தொடங்கியது. மலைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியோடு முடியும். அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று நேரே அந்தச் சரிவில் வந்து மோதும். பெரும்பாலும் யாரும் ஏற மாட்டார்கள். பௌர்ணமி நாளில் போனால் படியில் கால் வைக்க இடமிருக்காது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறையும் வேண்டும். ஆகச் சித்திரையில் ஒரு சாதாரணக் கிழமை நாளைத் தெரிந்தெடுத்தேன். சித்திரையில் மலைநாட்டில் பின்னேரம் இடிமழை வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. காலையில் வெயில் காய்ந்து, சூட்டுக் காற்று மேலே எழுந்து, மத்தியானத்துக்குப் பிறகு முகில் கட்டிக் கொட்டும். இருட்டினதும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நாங்கள் ஏறப்போவது இரவில்தானே? இதுதான் என் கணக்கு.

விடிய 4 மணிக்குக் கோண்டாவிலில் வான் புறப்பட்டது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். தான் மலைக்குப் போய்த் திரும்பும்வரை மச்சமும் இல்லை, சிகரெட்டும் இல்லை என்று சாரதித் தம்பி பிள்ளையாருக்கு முன்னால் வைத்தே மாமியிடம் சொன்னார். மாமிக்குப் பெரிய சந்தோசம். கண்டி, கினிகத்தேனை, ஹற்றன் என்று வளைந்து வளைந்து ஏறும்போது சின்னவர்கள் எல்லாரும் வாந்தி. அதை விரித்து எழுத வேண்டியதில்லை.

ஹற்றன் தாண்டியதும் எல்லோரும் ஜக்கெற்றை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்தவர்கள் விட்டுப்போன ஒரு ஜக்கெற் கிடக்கும். ஒருநாளும் போடாத சாமான். அன்றைக்கு அத்தனைக்கும் விமோசனம். பனியில் சறுக்கப் போகிறவர்கள் மாதிரி 13 பேரும் மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்கினோம்.

இறங்கி நிமிர்ந்து பார்த்தால் மலை இல்லை. 2,243 மீற்றர் உயரமான மலை முழுவதையும் முகில் விழுங்கியிருந்தது. இருட்டிய பிறகு படிகளின் மின்விளக்குகள் மட்டும் ஒரு மாலை மாதிரி மேலே போய், பாதியில் அறுந்து நின்றன.

“இன்னைக்கு வானம் சரியில்லைங்க அண்ணே. நாளைக்கு ராத்திரி ஏறுனா என்ன?” என்று நாங்கள் சாப்பிட்ட கடைக்காரர் கேட்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அந்த மலையைப் பார்த்தே வயது போனவர். நான் போனில் வானிலையைக் காட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை. திரும்பி வானத்தைப் பார்த்தார். வானுக்கு அடுத்த நாள் இரவு வேறு ஹயர் இருந்தது. அதனால் அவர் சொன்னதைக் கேட்டதாகவே நான் காட்டிக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். நல்லதண்ணிப் பக்கத்தால் கிட்டத்தட்ட 5,500 படிகள். மாமி முதற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, “இண்டைக்குச் சிவபதம் அடையாமல் சிவபாதத்தைப் பார்த்திட வேணும்” என்றா. எங்கள் ஊர் மரண அறிவித்தல்களில் “சிவபதமடைந்தார்” என்று போடுவதை வைத்துத்தான் அந்தப் பகிடி. எல்லோரும் சிரித்தோம். இறங்கி வந்துகொண்டிருந்த சிங்களச் சனம் எங்களைக் கண்டு “கருணாவயி, கருணாவயி” என்று வாழ்த்தியது. நாங்கள் “அரோகரா” என்றோம். அவர்களுக்கும் விளங்கியது, எங்களுக்கும் விளங்கியது.

ஜப்பானியர் கட்டிய வெள்ளைத் தூபியைக் கடந்து, சீத கங்குலவுக்குக் கிட்ட வந்தபோது பதினொன்றரை இருக்கும். யாத்திரிகர் மேலே போகுமுன் கைகால் கழுவிச் சுத்தமாகிற நீரோடை அது. மாமி குனிந்து தண்ணீரைத் தொட்டதும் முதல் மின்னல் வெட்டியது. அப்புறம் மழை. எங்கள் ஊர் மாரி மழை மேலிருந்து பெய்யும். இது பக்கத்தால் வந்தது, கீழாலும் வந்தது. படிகளே ஓடையாகிவிட்டன, மேலிருந்து மண்ணும் சருகும் உருண்டு வந்தன. அடுத்த இடியோடு கறண்ட் போனது. மேலே தெரிந்த விளக்கு மாலை அப்படியே அணைந்த அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது. ரோச் வெளிச்சத்தில் தலை எண்ணினேன். பன்னிரண்டு. திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு. என்னை எண்ண மறந்துபோனேன் என்று மருமகள் சொல்லித்தான் தெரியும்.

“கம்பியப் புடிக்காதீங்க, உள்ள வாங்க!” என்று ஒரு தேநீர்க் கடைக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். தகரக் கூரையும் பொலித்தீன் மறைப்புமாக ஒரு கொட்டில். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் ஒண்டியிருந்தோம். மாத்தறையில் இருந்து கைக்குழந்தையோடு வந்த குடும்பம், ஏழாந்தரம் ஏறுகிற ஒரு சிங்களப் பாட்டி, காத்தான்குடிப் பொடியன்கள் மூன்று பேர். பொடியன்களுக்கு அது பாவா ஆதம் மலை, பாட்டிக்குப் புத்தரின் பாதம், எங்களுக்குச் சிவன் திருவடி. குளிர் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் அடித்தது.

மாமி பையைத் திறந்தா. பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம், ஒரு குட்டான் பனங்கட்டி. கடைக்காரர் பிளேன்டீ ஊற்ற ஊற்ற, மாமி பனங்கட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தா. பாட்டிக்குப் பனங்கட்டி பிடித்துவிட்டது. மாமியின் கையை விடவே இல்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது.

எங்களோடு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் அப்போதுதான் இபின் பதூதா கதையை எடுத்தார். 1344 இல் அந்த மொரோக்கோப் பயணி புத்தளத்தில் கரையிறங்கியபோது, அங்கே இருந்தவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். அரசன் பல்லக்கும் கொடுத்து, வருசா வருசம் அந்தப் பாதத்துக்குப் போய்வருகிற நான்கு யோகிகள், மூன்று பிராமணர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே கூட அனுப்பினான். காத்தான்குடிப் பொடியன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கோ அந்த நான்கு யோகிகளில் மனம் நின்றுவிட்டது. பாதையும் படியும் விளக்கும் இல்லாத காலத்தில் வருசா வருசம் போனவர்கள், எத்தனை வருசம் பாதியில் திரும்பியிருப்பார்கள்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

“அரசன் எங்களுக்கும் ஒரு பல்லக்குத் தந்திருக்கலாம்” என்றா மாமி முழங்காலைத் தடவிக்கொண்டு.

மூன்று மணிக்கும் மழை விடவில்லை. மேலே மரம் விழுந்து கிடக்கிறது, யாரும் ஏற வேண்டாம் என்று பொலிஸார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களுக்குள் வாக்குவாதம் அப்போதுதான் தொடங்கியது. இளம் பொடியன்கள் இரண்டு பேர், மழை குறைந்ததும் தாங்கள் மட்டும் ஓடிப்போய் மணியடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். உச்சியில் எத்தனையாந்தரம் வந்தோமோ அத்தனை தரம் மணியடிப்பது வழக்கம். “மாமிக்கும் சேர்த்து ரெண்டு அடிக்கிறம்” என்றார்கள். வாத்தியார் மறித்தார். நான் பொடியன்களின் பக்கம் பேசினேன். உண்மையைச் சொன்னால், யாராவது இரண்டு பேர் உச்சியைத் தொட்டுவிட்டால் என் கணக்குப் பிழைக்கவில்லை என்று ஆகிவிடும், அதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

மாமி இவ்வளவுக்கும் வாயே திறக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னா: “தொண்ணூற்றைந்தில இதைப்போல ஒரு மழை இரவுதான் தம்பி. இடம்பெயர்ந்து, செம்மணி வெளியால சனத்தோட சனமா நடந்தனாங்கள். உன்ர மாமா ஒவ்வொரு பத்தடிக்கும் எங்கட ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒராள் குரல் குடுக்காட்டிலும் அந்த இடத்திலேயே நிண்டிடுவார், பின்னால வாற சனம் பேசப் பேச. எனக்கு மணி வேண்டாம். எல்லாரும் ஒண்டா இறங்குவம்.”

ஐந்து மணிக்கு மழை தூறலானதும் மாமி ஓடைப் பக்கம் திரும்பி, மலை இருக்கிற திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கும்பிட்டா. அங்கே வெள்ளைப் புகையைத் தவிர ஒன்றுமில்லை. பாட்டியும் எங்களோடுதான் இறங்கினா. ஏழுதரத்தில் இது மூன்றாவது தடவையாம் பாதியில் திரும்புவது. காத்தான்குடிப் பொடியன் ஒருவன்தான் அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னான். அப்படியென்றால் மணி எத்தனை தரம் அடிப்பீர்கள் என்று கேட்கச் சொன்னேன். பாட்டி நாலு விரலைக் காட்டினா.

கீழே வந்து உடுப்பு மாற்றி, ஏழரைக்கு வான் எடுத்தோம். மலை கடைசிவரை முகம் காட்டவில்லை. ஒரு படம்கூட இல்லை என்னிடம்.

மஸ்கெலியாவுக்குப் போகிற வழியில் மவுசாகலை நீர்த்தேக்கம். அதைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். ஓர் இரவு மழை அந்த நீர்த்தேக்கத்துக்கு எந்த மூலைக்கு? சேற்று வெளிக்கு நடுவே, கரையிலிருந்து தூரத்தில், இடிந்த கட்டடமாக அது நின்றது. “நிப்பாட்டு தம்பி” என்றா மாமி.

உச்சியில் கொளுத்தவென்று கொண்டுவந்த கற்பூரம் பையில் அப்படியே இருந்தது. வீதியோரக் கல்லில் வைத்தா. நெருப்புப் பெட்டி நனைந்து ஊறிப்போயிருந்தது. ஆறு குச்சியும் வழுக்கின. ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாரதித் தம்பி கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து லைற்றரை எடுத்து நீட்டினார்.

மாமி ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கற்பூரத்தைக் கொளுத்தினா. அது எரிந்து முடியும்வரை கும்பிட்டுக்கொண்டு நின்றா. பிறகு லைற்றரைத் தன் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்துப் பூட்டிவிட்டு, வானுக்குள் ஏறினா.