ஆணியில் தொங்கும் வலை: மழைக்கால நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2025, ஞாயிறு
தேவனாம்பட்டினம், கடலூர்

என் வீச்சு வலை இரண்டு வருஷமாக ஒரே ஆணியில் தொங்குகிறது. ஐந்து கிலோ ஈயம் கோத்த வலை. ஈரமானால் இன்னும் கனக்கும். கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டி, பாதி வலையை முழங்கை மேல் போட்டு, மீதியை வலது கையில் அள்ளி, இடுப்பைத் திருப்பி விட்டால் காற்றில் வட்டமாக விரியும். முப்பது வருஷம் அப்படி வீசினேன். கெடிலத்திலும் உப்பனாற்றிலும் அந்த வட்டம் விழாத துறை இல்லை.

தோள் போனது கடலில் இல்லை, கரையில். ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒரு அலை படகின் முன்பக்கத்தை, அதாவது அணியத்தைத் தூக்கி என் வலது தோளில் இறக்கியது. தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் ஒரு உறை போலப் பிடித்திருக்குமாம். அதில் மேலே இருப்பதன் நாண் கிழிந்துவிட்டது. கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்குவதே அந்தத் தசைதானாம். தைத்தார்கள். ஆறு வாரம் கை தூளியில் கிடந்தது. அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. இன்று சோறு பிசைகிறேன், சைக்கிள் ஓட்டுகிறேன். ஆனால் தோளுக்கு மேல் பாரம் தூக்கக் கூடாது, சுழற்றி வீசவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இதை இன்று எழுதக் காரணம் சித்தப்பா மகன். அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறான். காலையில் கூப்பிட்டான். அங்கே வில்வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டது. அவனும் தோள் போனவன்தான். பனியில் வழுக்கி விழுந்து, என்னுடையது போலவே வலது தோள்.

"அண்ணே, நான் திரும்பவும் காட்டுக்குப் போறேன். வில்லு மட்டும் வேற" என்றான்.

அக்டோபர் 8, புதன்

நேற்று இரவு வீடியோவில் அதைக் காட்டினான். கிராஸ்போ, அதாவது குறுக்கு வில். துப்பாக்கிக் கட்டை போல ஒரு தண்டு, அதன் முனையில் குறுக்காக ஒரு வில், அடியில் விசை.

முன்பு அவன் வைத்திருந்தது காம்பவுண்டு வில், அதாவது இரு முனையிலும் சக்கரம் வைத்த வில். அறுபது பவுண்டு இழுவிசை. நம் கணக்கில் 27 கிலோ. அந்த வில்லில் நாணை முழுதாக இழுத்துவிட்டால் பாரம் முக்கால்வாசி குறைந்துவிடும். ஆனால் இழுக்கிற வழியில் ஒரு கணமாவது முழு எடையையும் தோள் வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு கணம்தான் அவனால் முடியாதது. இழுத்த பிறகும் மான் திரும்பி நிற்கும் வரை கையை நீட்டியபடி பிடித்திருக்க வேண்டும்.

குறுக்கு வில்லின் இழுவிசை 175 பவுண்டு, கிட்டத்தட்ட 80 கிலோ. கேட்டதும் எனக்குப் புரியவில்லை. தோள் போனவன் 80 கிலோவை எப்படி இழுப்பான்? பக்கத்தில் ஒரு கைப்பிடியை மாட்டிச் சுற்றிக் காட்டினான். உள்ளே பல்சக்கரம். கிணற்று ராட்டினம் சுற்றுகிற அளவு பலம்கூட வேண்டாம். நாண் மெல்லப் பின்னால் வந்து ஒரு கொக்கியில் 'டக்' என்று உட்காருகிறது. அதற்கு மேல் பாரம் முழுவதும் கொக்கியின் மேல். மனிதன் தாங்க வேண்டியது எதுவும் இல்லை. வில்லின் எடையையும் முக்காலியில் வைத்துவிடுகிறான். கட்டை விரலை மட்டும் நாணின் பாதைக்கு மேலே நீட்டிவிடக் கூடாது, துண்டாகிவிடும் என்று இரண்டு முறை சொன்னான்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரு காலத்தில் வில்வேட்டைப் பருவத்தில் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் உடற்குறை இருப்பதாக டாக்டர் சான்று வேண்டுமாம். இப்போது அவன் மாநிலம் உட்படப் பல இடங்களில் யாரும் எடுத்துப் போகலாம். ஆனாலும் கூட வேட்டைக்குப் போகிறவர்களில் ஒருவர், "அது வில்லே இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

நான் யோசித்துப் பார்த்தேன். என் அப்பா காலத்தில் கட்டுமரத்தில் துடுப்புப் போட்டுத்தான் போனார்கள். இன்று எல்லாப் படகிலும் இன்ஜின். விசைப்படகில் மடி வலையை இழுப்பது வின்ச் இயந்திரம். அவர்களை யாரும் மீனவர் இல்லை என்று சொல்வதில்லை.

மகள் தமிழ் படித்தவள். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம ஊர்ல இல்லாததா அப்பா? சிலப்பதிகாரத்துல மதுரைக் கோட்டைக் காவல்ல 'வளைவிற்பொறி' வருது" என்றாள். தானே வளைந்து எய்கிற இயந்திர வில் என்று உரைகாரர் பொருள் சொல்கிறாராம். அந்தச் சொல்லை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். தம்பிக்கும் எழுதி அனுப்பினேன்.

அக்டோபர் 13, திங்கள்

மகள் இன்னொன்றும் கேட்டாள். மானைக் கொல்வது பாவம் இல்லையா, இங்கே செய்தால் ஜெயில்தானே?

ஜெயில்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே மான் என்ன, முயல், உடும்பைக்கூடத் தொட முடியாது. அதுதான் சரி என்று நினைக்கிறவன் நான். நம் காட்டில் மிச்சம் இருப்பது கொஞ்சம். அங்கே நிலைமை வேறு. மானைத் தின்ற ஓநாயும் மலைச்சிங்கமும் அந்தப் பக்கத்தில் எப்போதோ அழிந்துவிட்டன. வெண்வால் மான் பெருகி இளம் மரக்கன்றுகளை மேய்ந்துவிட, காடு மேலே எழும்புவதில்லை. அதனால் அரசாங்கமே பருவம் வைத்து, வகுப்பு நடத்தி, உரிமமும் அட்டையும் கொடுக்கிறது. அடித்த மானில் அந்த அட்டையைக் கட்டி, கணக்கும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். அவன் தோள் போனதும் காட்டை விடவில்லை, வில்லைத்தான் மாற்றினான். நான் ஆற்றையே விட்டுவிட்டேன்.

இன்று முதுநகர் போய் ஒரு தூண்டில் ராடும் ரீலும் வாங்கி வந்தேன். ஏழடி ராடு. ரீலின் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம் என்பது கடையில்தான் தெரிந்தது. இடது கையால் ராடைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, வலது கையால் சுற்றினால் தோள் அசையவே வேண்டாம்.

அக்டோபர் 18, சனி

ஐந்து நாளாகக் கடற்கரை மணலில் வெறும் ஈயத்தைக் கட்டி வீசிப் பழகினேன், இடது கையால், இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில். முதல் நாள் ஈயம் காலடியிலேயே விழுந்தது. மூன்றாம் நாள் பதினைந்து அடி. நேற்று முப்பது அடிக்கு மேல். உப்பனாற்றில் பாலத்தூண் பக்கம் நிற்பதற்கு அது போதும். இரண்டடி பிவிசி குழாயை மணலில் அடித்து, ராடை அதில் செருகி வைக்கிறேன். காத்திருக்கிற பாரத்தை அந்தக் குழாய் தாங்கும்.

இன்று சாயங்காலம் முதல் தடவை இறால் கோத்துப் போட்டேன். உயிர் இறால். வாலுக்குக் கொஞ்சம் மேலே குத்தினால் வெகு நேரம் துள்ளும். அரை மணியில் தூண்டில் நரம்பு நேராக இழுத்துக்கொண்டு ஓடியது. நரம்பை வெளியே விடாதபடி ரீலின் பிடியை இறுக்கி வைத்திருந்தேன். ஒரே ஒரு திருப்பு, நரம்பு அறுந்தது. வலையில் பழகிய கை. மீன் பட்டால் உடனே இழு என்றுதான் அதற்குத் தெரியும். தூண்டிலில் மீனை ஓடவிட வேண்டும்.

என்னோடு படகில் வந்தவர், என்னைவிட மூத்தவர், கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பசங்க வேலையப் புடிச்சிக்கிட்டியேப்பா" என்றார். மனசில் வைத்துச் சொன்னவர் இல்லை. ஆனாலும் வீடு வரும் வரை அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. "அது வில்லே இல்லை" என்ற வார்த்தை தம்பிக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுதான் முழுதாகத் தெரிந்தது.

அக்டோபர் 22, புதன்

மழை. ஆறு செம்மண் கலந்து ஓடுகிறது. தோள் வலிக்கிறது, வாடை வந்தாலே இப்படித்தான். வெந்நீர் ஒத்தடம், சுவரில் விரலால் நடந்து கையை ஏற்றும் பயிற்சி இருபது தடவை.

அக்டோபர் 29, புதன்

தம்பி விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து போகிறான். மரத்தில் பரண் கட்டி உட்காருகிறவர்கள் அதிகம். இவனால் ஏற முடியாது, அதனால் தரையில் ஒரு மறைப்புக் கூடாரம். காற்று தன் பக்கமிருந்து மானின் பக்கம் போகாதபடி இடம் பார்க்க வேண்டும். நிழலிலிருந்து வெளியே வரவே கூடாது. குளிரில் மூன்று மணி நேரம் இருமாமல் இருக்க வேண்டும். பல்சக்கரம் இதில் எதையும் செய்து தராது.

நேற்று ஒரு பெரிய கிடா வந்திருக்கிறது. ஐம்பது கஜ தூரம். குறுக்கு வில் அம்பு நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் போகும், எட்டாத தூரம் இல்லை. ஆனால் ஒலி அதைவிட வேகம். விசை தட்டுகிற சத்தம் முதலில் போய்ச் சேரும், மான் வெருண்டு குனியும், அம்பு நெஞ்சுக்குப் பதில் முதுகிலோ வயிற்றிலோ படும். அடிபட்ட மான் நாள் கணக்கில் அலைந்து சாகும். முப்பது கஜத்துக்கு மேல் எய்வதில்லை என்று அவனே ஒரு கணக்கு வைத்திருக்கிறான்.

"அடிக்கலண்ணே. பாத்துக்கிட்டே இருந்தேன். அதுவா போயிடுச்சு."

இதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம், அவன் மானை அடித்தேன் என்று சொல்லியிருந்தால்கூட வந்திருக்காது. வலையில் வருகிற குஞ்சு மீனை அப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தண்ணீரில் விடுவார். அந்த ஞாபகம் வந்துவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

அங்கே ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இப்போது நமக்கும் அவனுக்கும் பத்தரை மணி நேரம். அதனால் நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அழைப்பு வந்தபோது அவனுக்குக் காலை ஏழரை.

குரல் நடுங்கியது. "அடிச்சிட்டேன்" என்றான். இருபத்திரண்டு கஜம், முன்னங்கால் தோளுக்குப் பின்னால். மான் ஓடி மறைந்துவிட்டது. உடனே பின்னால் போகக் கூடாது. போனால் அது பயத்தில் இன்னும் தூரம் ஓடும். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அந்த அரை மணியைத் தனியாக உட்கார்ந்து கழிக்க முடியாமல்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். இருவரும் அதிகம் பேசவில்லை. நான் இங்கே திண்ணையில், அவன் அங்கே கூடாரத்தில்.

அப்புறம் ரத்தத் தடம் பார்த்துப் போனான். நூறு அடிக்குள் கிடந்தது. வேதனைப்பட நேரம் இருந்திருக்காது. தொட்டு வணங்கினேன் என்றான். இழுத்து வர இந்தத் தோளால் ஆகாது, இரண்டு சக்கர வண்டி வைத்திருக்கிறான். அதிலும் ஏற்ற முடியாமல், பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து வரவழைத்திருக்கிறான். கறியில் பாதி அவர் வீட்டுக்கு.

நவம்பர் 6, வியாழன்

நேற்று பௌர்ணமி, கடல் ஏற்றம் நன்றாக இருக்கும். எங்கள் கரையில் பெரிய ஏற்றம் என்றாலும் ஒரு மீட்டர் சுமார்தான், ஆனால் கொடுவா மீனுக்கு அது போதும். வெள்ளம் ஏறி நின்று வற்றத் தொடங்குகிற நேரத்தில் பாலத்தூணின் நிழலில் அது வாய் வைத்துக் காத்திருக்கும். இது எனக்கு ரீல் சொல்லித் தந்தது இல்லை, முப்பது வருஷம் வலை சொல்லித் தந்தது.

இரவு ஒன்பதரை வாக்கில் பட்டது. இந்த முறை பிடியைத் தளர்த்தி வைத்திருந்தேன். ரீல் கீச்சிட்டுக்கொண்டே நரம்பை விட்டது. ஓடட்டும் என்று நின்றேன். நின்றதும் சுற்றினேன். திரும்பவும் ஓடியது. இரண்டு தடவை தண்ணீருக்கு மேல் துள்ளித் தலையை உதறியது, நிலா வெளிச்சத்தில் பக்கம் முழுக்க வெள்ளி. இருபது நிமிஷம் இருக்கும். ராடின் அடி இடுப்பில், முழங்கை விலாவில். தோள் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை.

கரைக்கு வந்ததைத் தூக்க முடியவில்லை. அதற்குக் கை நீட்டிக் குனிய வேண்டும், செவுளின் ஓரம் வேறு கத்தி மாதிரி இருக்கும். அன்று பேசிய பெரியவர் நாலு அடி தள்ளித் தன் வலையோடு நின்றார். நான் கூப்பிடவில்லை. அவரே முட்டளவு தண்ணீரில் இறங்கி, ஈரத்துண்டைச் சுற்றி, செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கி வந்தார். கையிலேயே எடை பார்த்தார். "மூணேகால் இருக்கும்பா" என்றார். வீட்டுத் தராசில் மூன்று கிலோ நூறு.

அறுக்கும்போது பார்த்தேன், ஆண். கொடுவா ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். தலையை மனைவி குழம்பு வைத்தாள். நடுத்துண்டு இரண்டைப் பெரியவர் வீட்டுக்கு மகள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று வலையை ஆணியிலிருந்து இறக்கினேன். எலி மூன்று இடத்தில் கடித்திருக்கிறது. மடியில் போட்டு உட்கார்ந்து பொத்தினால் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கை மகனுக்குப் பதினாறு வயது, வீசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். அவன் உயரத்துக்கு இந்த ஈயம் அதிகம், ஒன்று விட்டு ஒன்று கழற்ற வேண்டும். பாதி கழற்றிவிட்டேன்.

தம்பிக்குப் போட்டோ அனுப்பினேன், மடியில் வலை, பக்கத்தில் ராடு. அவன் திரும்ப அனுப்பியது அவனுடைய பழைய காம்பவுண்டு வில். பக்கத்து வீட்டுப் பையன் கையில் இருந்தது.

மழை இல்லை என்றால் நாளை மறுபடி பாலத்துக்கு. இறால் சொல்லி வைத்திருக்கிறேன்.