மூன்று துளை பொய் சொல்லும்

அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்கு வடக்கே உள்ள பென் ஏவரி மைதானத்தில் 1000 கஜத்தில் நான் சுட்ட முதல் முழுச் சுற்று இன்னும் நினைவில் இருக்கிறது. இருபது சூடு. அன்று காலை காற்றே இல்லை, கொடிகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. அதனால் பக்கவாட்டில் பெரிய குறை இல்லை. ஆனால் இலக்குக்கு அடியில் உள்ள குழியில் இருப்பவர்கள் ஒவ்வொரு சூட்டுக்கும் இலக்கை இறக்கி, ஓட்டையில் வட்டத்தட்டைச் செருகி ஏற்றும்போது, தட்டு ஒருமுறை மையத்துக்கு மேலே நிற்கும், அடுத்தமுறை கீழே நிற்கும். முடிந்ததும் தாளில் குறித்துப் பார்த்தேன். நெட்டுக்குத்தாக ஒரு வரிசை, உயரம் 15 அங்குலத்துக்கு மேல். பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டமே 10 அங்குலம்தான், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5.

பக்கவாட்டில் சிதறினால் காற்றைச் சரியாகப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று அந்தத் தூரத்தில் என் .308 துப்பாக்கியின் (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்) குண்டை ஏழெட்டு அடி தள்ளிவிடும், அது சுடுகிறவனின் கணக்கு. காற்றில்லாத காலையில் மேலும் கீழும் சிதறினால் முதலில் பார்க்க வேண்டியது தோட்டாவை. என் தோட்டாவைச் செய்தவன் நான்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விஷயம்: தோட்டா என்று நான் சொல்வது முழுப் பொருளை. பித்தளை கேஸ், அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. இந்த நான்கையும் வீட்டில் நாமே அளந்து சேர்ப்பதுதான் ஹேண்ட்லோடிங். நான் சுடும் பிரிவு எஃப்-டிஆர். அதில் .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன் மட்டும்தான் அனுமதி, பைபாடோடு (முன்னால் தாங்கும் இரட்டைக் காலோடு) சேர்த்துத் துப்பாக்கி 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் கவனிக்க: 1959 ஆயுதச் சட்டப்படி அங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் இது பலர் வீட்டு கராஜில் செய்யும் பொழுதுபோக்கு.

சரி, ஏன் மேலும் கீழும்? வேகம்தான். .308 குண்டு குழலை விட்டு நொடிக்குச் சுமார் 2600 அடி வேகத்தில் கிளம்பி, 1000 கஜம் போய்ச் சேர ஒன்றரை நொடிக்கும் மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் அது விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நொடிக்கு 10 அடி வேக வித்தியாசம் இருந்தால், இலக்கில் ஏறக்குறைய 4 அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். 100 கஜத்தில் இது கண்ணுக்கே தெரியாது. நான் ஏமாந்தது இங்கேதான்.

எல்லோரும் செய்வதைப் போலத்தான் நானும் செய்தேன். கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சின்ன எடை அலகு) வீதம் மருந்தை ஏற்றி, ஒவ்வோர் அளவிலும் மூன்று தோட்டா செய்து, 100 கஜத்தில் சுட்டேன். ஓர் அளவில் மூன்று குண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போயின. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் காட்டிய திட்ட விலக்கம், அதாவது வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, நொடிக்கு 3 அடி. கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டி, அந்த அளவில் நூறு தோட்டா செய்து போட்டிக்கு எடுத்துப்போனேன். நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

திரும்பி வந்து அதே தோட்டாவில் 25 சுட்டேன். திட்ட விலக்கம் 11. பக்கத்து அளவுகளிலும் அப்படியே சுட்டுப் பார்த்தால் அவையும் 10, 12 என்றே வந்தன. நான் தேடிக் கண்டுபிடித்ததாக நினைத்த அந்த நல்ல அளவு அங்கே இல்லவே இல்லை, மூன்று சூட்டில் தற்செயலாக அமைந்த ஒரு சேர்க்கை மட்டுமே இருந்தது. புள்ளியியல் கணக்கு இதில் ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறது: ஐந்து சூட்டில் திட்ட விலக்கம் 6 என்று வந்தால் உண்மையான மதிப்பு 4க்கும் 17க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். முப்பது சூட்டில் 6 வந்தால் அது 5க்கும் 8க்கும் இடையில் வந்து நிற்கும். மூன்று சூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உண்மையான விலக்கம் 11 இருக்கும் தோட்டாவில் இருபது சுட்டால், மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் இடையில் சராசரியாக நொடிக்கு 40 அடி இருக்கும். அதை 4 அங்குலக் கணக்கில் போட்டுப் பாருங்கள், என் நெட்டுக்குத்து வரிசை அப்படியே வரும்.

பிரைமர் விலை விற்கிற விலையில் ஓர் அளவுக்கு 25 சுடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு அளவுகள் சுட்டு எதுவும் தெரியாமல் வருவதைவிட, இரண்டே அளவுகளில் 25 சுட்டு ஒரு விஷயத்தை உறுதியாகத் தெரிந்துகொள்வது சிக்கனம் என்பதுதான் என் பதில்.

அப்புறம் எது வேலை செய்தது? முதலில் தராசை மாற்றினேன். பழைய தராசு 0.1 கிரெயின் இப்படியோ அப்படியோ காட்டும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அப்படி ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு சின்னது பாருங்கள். ஆனாலும் .308 கேஸில் அது நொடிக்கு ஐந்து அடி வேகம். இப்போது வைத்திருப்பது 0.02 கிரெயின் வரை காட்டுகிறது, நான் இப்போது பயன்படுத்தும் வார்கெட் என்ற மருந்தின் ஒரு குச்சித் துண்டு போட்டால் எண் நகரும். இருந்தும் தராசு மட்டும் என் பிரச்சினையில் பாதியைக்கூடத் தீர்க்கவில்லை.

பெரிய மாற்றம் கேஸின் கழுத்தில் வந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, ஒவ்வொரு முறை டையில் (கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) ஏற்றும்போதும் சுருங்குகிறது. பித்தளையை இப்படி விரித்துச் சுருக்கிக்கொண்டே இருந்தால் அது இறுகிப்போகும். இறுகியது டையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் திரும்ப விரியும், அதுவும் ஒவ்வொரு கேஸிலும் ஒவ்வொரு அளவு விரியும். அப்போது குண்டைப் பிடிக்கும் பிடி கேஸுக்குக் கேஸ் மாறும், வேகமும் கூடவே மாறும். ஆறு முறை சுட்ட கேஸ்களையும் இரண்டு முறை சுட்டவற்றையும் நான் கலந்து வைத்திருந்தேன். குண்டை அமுக்கும்போது சிலவற்றில் நெம்புகோல் இறுக்கமாகவும் சிலவற்றில் வழுக்கிக்கொண்டும் போனது. கை சொன்னதை நான் கேட்கவில்லை. இப்போது லப்புவா நிறுவனத்தின் ஒரே தொகுதி கேஸ்களைத் தனியாக வைத்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கழுத்தையும், அதற்குக் கீழே கேஸ் அகலும் தோளையும் மட்டும் சூடேற்றிப் பதமாக்குகிறேன். அடிப்பகுதிக்குச் சூடு போகவே கூடாது. அங்கே பித்தளை இளகினால் அழுத்தத்தைத் தாங்காது, ஆபத்து. தோளை இரண்டு தௌ மட்டும் பின்னுக்குத் தள்ளுகிறேன். லேத் பட்டறையில் சொல்லும் அதே தௌதான், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. இவற்றுக்குப் பிறகு 30 சூட்டில் விலக்கம் 6க்கும் 7க்கும் நடுவில் நின்றது.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஃபீனிக்ஸில் அதைச் சொல்லாமல் முடியாது. வார்கெட்டுக்கு மாறும் முன்னால் உருண்டை மருந்து ஒன்று பயன்படுத்தினேன். ஜனவரிக் காலையில் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சோதித்து எல்லாம் நன்றாக இருந்தது. ஜூனில் 108 டிகிரியில் அதே தோட்டா நொடிக்கு 60 அடி கூடுதலாகப் போனது, நாலாவது சூட்டில் துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது, பிரைமரைப் பார்த்தால் ஓரமெல்லாம் தட்டையாகியிருந்தது. அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்பதற்கு அதற்கு மேல் அறிகுறி வேண்டாம். அங்கேயே நிறுத்தினேன், மீதி 36 தோட்டாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குண்டு கழற்றிப் பிரித்தேன். வார்கெட் ஆஸ்திரேலியாவில் தயாராகி இங்கே ஹாட்ஜ்டன் பெயரில் விற்பது, வெப்பத்துக்கு அதிகம் மாறாதபடி செய்யப்பட்டது. ஆனாலும் சுட்டுச் சூடான துப்பாக்கியின் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். காற்று சரியாக வந்த பிறகுதான் ஏற்றுவேன்.

என் மருந்தளவு என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் குழல் வேறு, உங்கள் குழல் வேறு. கேஸின் உள்கொள்ளளவு வேறு. எனக்குப் பாதுகாப்பான அளவு உங்கள் துப்பாக்கியில் எல்லை மீறலாம். மருந்து தயாரிப்பாளரின் கையேட்டை எடுத்து, தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். குண்டு செருகும் முன் எல்லாக் கேஸ்களையும் தட்டில் நிறுத்தி, விளக்கடித்து மருந்து மட்டத்தைப் பாருங்கள். நான் இதை ஒருநாளும் தவிர்த்ததில்லை.

இப்போது இந்தக் குழல் 2100 சூடு தாண்டிவிட்டது. குழலின் தொண்டை தேய்ந்து, குண்டைச் சுழல வைக்கும் ரைஃபிளிங் வரிகள் தொடங்கும் இடம் புதிதில் அளந்ததைவிட 12 தௌ முன்னே போயிருக்கிறது. குண்டை அதைத் துரத்திக்கொண்டு முன்னே செருகுவதா, பழைய ஆழத்திலேயே விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு ஆழத்திலும் இருபத்தைந்து இருபத்தைந்தாக 50 கேஸ் பதமாக்கி, பிரைமர் போட்டு மேஜையில் நிற்கிறது. சனிக்கிழமை விடியும் முன் கிளம்ப வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் கானல் எழுந்துவிடும்.