பாண்ட்ஸ் அடிக்கும்வரை

2007 ஜூலை 2, திங்கள்

காலையிலேயே கிரீன் கார்டு விண்ணப்பக் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த வருஷத்து விசா எண்கள் தீர்ந்துவிட்டனவாம். போன மாதம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்றவர்கள்தான் இன்று வந்து எதையும் வாங்கமாட்டோம் என்கிறார்கள். இவர் ஆபீஸிலிருந்து போன் செய்து "கேட்டியா?" என்றார். கேட்டேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் வரவில்லை.

மத்தியானம் முழுக்க சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் பேப்பரின் விளையாட்டுப் பக்கம்தான். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் பாரி பாண்ட்ஸ் 750 ஹோம் ரன்னில் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) நிற்கிறார், ஹேங்க் ஆரனின் 755தான் சாதனை. ரசிகர்கள் நட்சத்திர வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கான ஓட்டெடுப்பில் பின்னால் கிடந்தவர், கடைசி நாட்களில் இன்னொரு வீரர் சொரியானோவைத் தாண்டிவிட்டார். இந்த ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து குத்தித் தள்ளியிருக்கிறார்கள். ஊக்கமருந்து எடுத்தவர் என்று நாடே அவரை வெறுக்கிறது என்று எழுதுகிற அதே பேப்பரில் இந்தச் செய்தியும் இருக்கிறது.

ஜூலை 3

751. சின்சினாட்டி. ஏளனமாகக் கூவினார்கள், கூவிக்கொண்டே எழுந்து நின்று படமும் எடுத்தார்கள்.

ஜூலை 6, வெள்ளி

தூக்கமில்லை. யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

மதுரையில் விளையாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு வரி. ஜெயித்தவன் ஏதாவது சொல்ல வேண்டும். "கடவுள் அருள்", "பயிற்சியாளருக்கு நன்றி", எதுவானாலும் சரி. அந்த வரி கிடைத்தால் பக்கம் முடிந்தது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். கொடுக்காதவன் மேல் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது அடுத்த நாள் தலைப்பில் எப்படியோ வந்து உட்கார்ந்துவிடும். "ஏமாற்றினார்" என்று போடுவோம். "தவறவிட்டார்" என்றும் போட்டிருக்கலாம்.

பாண்ட்ஸ் இருபது வருஷமாக அந்த ஒரு வரியைக் கொடுக்காத மனிதர். ஓய்வறையில் அவருக்கென்று ஒரு மூலை, சாய்வு நாற்காலி, டிவி. நிருபர்கள் எதிரே கும்பலாக நிற்பார்கள், அவர் பாட்டுக்கு டிவி பார்ப்பார். பக்கத்து லாக்கர்காரர்களோடுகூட அதிகம் பேச்சில்லை. இதற்கு எல்லாரும் காட்டுகிற காரணம் அப்பா. பாபி பாண்ட்ஸும் இதே ஜயன்ட்ஸில்தான் ஆடினார். அணியின் மகா நட்சத்திரமான வில்லி மேஸின் அடுத்த வாரிசு என்று அவரைத் தலையில் தூக்கி வைத்த பேப்பர்கள், அவர் மேஸ் ஆகவில்லை என்று தெரிந்ததும் கீழே போட்டன. பிறகு குடி, ஊர் ஊராக அணி மாற்றம். இதையெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து பார்த்த பையன் இவர். ஞானத் தகப்பன் யார் என்றால் அதே வில்லி மேஸ்.

அதனால் சரி என்று சொல்லவில்லை. கேள்வி கேட்ட கத்துக்குட்டி நிருபர் அவர் அப்பாவை ஒன்றும் செய்யவில்லையே.

அப்புறம் ஊக்கமருந்து. அது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே கணக்காக எழுதுகிறார்கள், அதுதான் எனக்கு ஆகவில்லை. 1998இல் சோசாவோடு போட்டிபோட்டு, ஒரே சீசனில் அதிக ஹோம் ரன் என்ற மாரிஸின் பழைய சாதனையை உடைத்த மெக்வயர் லாக்கரில் ஆன்ட்ரோ என்ற உடம்பு வளர்க்கும் மருந்துப் புட்டியைப் பார்த்து எழுதிய நிருபரைத்தான் அன்றைக்குத் திட்டினார்கள், மெக்வயரை அல்ல. பெரிய செம்பட்டைத் தாடி, மகனைத் தூக்கிக் கொஞ்சுவார், மாரிஸின் பிள்ளைகளைக் கட்டிப்பிடிப்பார். சோசா கேமராவுக்கு முத்தம் ஊதுவார். நாடே உருகியது. மூன்று வருஷம் கழித்து பாண்ட்ஸ் அதையும் தாண்டி ஒரே சீசனில் 73 அடித்தபோது அந்த உருக்கம் எங்கே போனது?

மணி மூன்று. இவர் குறட்டை.

ஜூலை 10, செவ்வாய்

வாஷிங்டனில் குடியேற்றத் துறைத் தலைவருக்கு நம்மவர்கள் பூ அனுப்பியிருக்கிறார்கள், காந்தி வழி எதிர்ப்பாம். அவர் அத்தனை கொத்துகளையும் ராணுவ ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார். அவருக்கும் நஷ்டமில்லை.

சாயங்காலம் ஆல் ஸ்டார், நம் சான் பிரான்சிஸ்கோவிலேயே. மேஸைத் திறந்த காரில் அழைத்து வந்தார்கள். பாண்ட்ஸ் பேரைச் சொன்னதும் மைதானம் அதிர்ந்தது. ஒரு பந்து இடது மூலையில் வேலிக்குக் கொஞ்சம் முன்னால் பிடிபட்டது, அவ்வளவுதான். சுவரில் பட்டுத் திசைமாறி ஓடிய பந்தில் இச்சிரோ மைதானத்துக்குள்ளேயே ஓடி முடித்து ஹோம் ரன் எடுத்தார். ஆல் ஸ்டார் சரித்திரத்தில் அப்படி ஒன்று இதுவரை கிடையாதாம். ஒருவன் அடித்து எல்லாரும் சந்தோஷப்பட்டதைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

ஜூலை 14

சான் ஹோசேயில் கிரீன் கார்டுக்காக ஊர்வலம். இவர் போனார். நான் போகவில்லை, துவைக்கிற துணி கிடந்தது.

ஜூலை 17, செவ்வாய்

திறந்துவிட்டார்கள்! ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பம் வாங்குவார்களாம். இவர் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு எத்தனை காலம்.

உடனே ஊருக்குப் போன். என் பிறப்புச் சான்றிதழில் பேர் கிடையாது, "பெண் குழந்தை" என்று மட்டும்தான் இருக்கிறது. அப்பா நாளைக்கே பேரூராட்சி ஆபீஸுக்குப் போய் நிற்பதாகச் சொன்னார். கூடவே அவரும் அம்மாவும் நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு அஃபிடவிட் வாங்கி அனுப்ப வேண்டும். "எதுக்கும்மா, நீ பொறந்தது எங்களுக்குத் தெரியாதா?" என்கிறார் அம்மா.

பாண்ட்ஸுக்குக் கால் வலி, ஆடவில்லை.

ஜூலை 19, வியாழன்

752! அதே ஆட்டத்தில் 753! சிகாகோ ரிக்லி ஃபீல்டில், பட்டப்பகலில். இத்தனை நாள் ஒரு அடிகூடக் கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்த மனுஷன் ஒரே மத்தியானத்தில் ஆறு ரன்னை உள்ளே அனுப்பினார். அப்படியும் ஜயன்ட்ஸ் 9-8இல் தோற்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே இரண்டு விரலைக் காட்டினார். 1958இல் அணி நியூயார்க்கிலிருந்து இங்கே வந்த நாள் முதல் பார்க்கிறவர். பாண்ட்ஸைப் பற்றிக் கேட்டால் திமிர் பிடித்தவன் என்பார். அடுத்த மூச்சிலேயே, மற்ற ஊர்க்காரன் அதைச் சொன்னால் விடமாட்டேன் என்பார்.

ஜூலை 22, ஞாயிறு

லிவர்மோர் கோயில். இவர் 580 வழியாகப் போனார். டப்ளின் வந்ததும் என் நினைப்பு அந்தப் பக்கமே ஓடியது. அங்கே உள்ள மத்தியச் சிறையில்தான் கிரெக் ஆண்டர்சன் இருக்கிறார். பாண்ட்ஸின் பயிற்சியாளர், சின்ன வயசு சிநேகிதர். பாண்ட்ஸ் விவகாரத்தை விசாரிக்கும் கிராண்ட் ஜூரி முன்னால் வாயைத் திறக்கமாட்டேன் என்றதற்காக உள்ளே வைத்திருக்கிறார்கள். பேசினால் இன்றே வெளியே வரலாம். பேசவில்லை.

இன்னொரு பக்கம் க்ரானிக்கிள் நிருபர்கள் இருவர். வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பர்லிங்கேம் பால்கோ கம்பெனி வழக்கில் பாண்ட்ஸ் கொடுத்த ரகசிய வாக்குமூலத்தை வெளியிட்டவர்கள். ஆளி விதை எண்ணெய், மூட்டுவலித் தைலம் என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன் என்று அவர் சொன்னது நமக்கெல்லாம் தெரிந்தது அவர்களால்தான். வாக்குமூலத்தைத் தங்களுக்குக் கொடுத்தது யார் என்று சொல்லாததற்கு 18 மாதம் சிறை என்று நீதிபதி தீர்ப்பே எழுதிவிட்டார். கொடுத்த வக்கீல் தானே ஒத்துக்கொண்டதால் இந்த பிப்ரவரியில் தப்பித்தார்கள்.

ஆக இந்தக் கதையில் வாயை மூடிக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஒருவரை வீரர் என்கிறோம், ஒருவரைக் கையாள் என்கிறோம். நவக்கிரகம் சுற்றும்போதும் இதே யோசனை. அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டார் குருக்கள், இவர் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு என்னுடையதை மறந்து நின்றேன்.

ஜூலை 26

கிரீன் கார்டுக்கான மெடிக்கல். முன்னங்கையில் டிபி ஊசி போட்டு அனுப்பினார்கள். நம் ஊரில் பிசிஜி குத்திய எல்லாருக்கும் வீங்கத்தான் செய்யும், எனக்கும் வீங்குகிறது. அதற்கு ஒரு எக்ஸ்ரே, அதற்கு ஒரு பில்.

பாண்ட்ஸ் டிவிக்காரர் பாப் கோஸ்டாஸைக் குள்ளன் என்று சொல்லித் தொலைத்தார். 753இல் நிற்கிறவருக்கு இது தேவையா? இப்படி ஒரு வாய் இருந்தால் யார் வந்து காப்பாற்ற முடியும்.

ஜூலை 27

754. மார்லின்ஸ். ஆரனைச் சமன் செய்ய ஒன்றுதான் பாக்கி.

ஆகஸ்ட் 1, புதன்

அஃபிடவிட் இன்னும் வரவில்லை. கூரியர் சென்னையை விட்டுக் கிளம்பியதாகக் காட்டுகிறது, அதற்கப்புறம் சத்தமில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் ஆட்டம். ஒவ்வொரு தடவை அவர் மட்டையோடு வரும்போதும் மைதானமே சேர்ந்து கூவுகிறது. பந்து நேராக வராவிட்டாலும் கூவுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. எதிரணியில் பந்து போடுகிற பிட்சர் அவருக்குப் பயந்து வெளியே போட்டால், பாண்ட்ஸைத் திட்ட வந்தவர்களே பிட்சரைத் திட்டுகிறார்கள். அடிப்பதைப் பார்க்கவும் வேண்டும், அடித்ததற்குத் திட்டவும் வேண்டும். டிக்கெட் காசு அப்படித்தான் வசூலாகிறது.

2004இல் மட்டும் 120 தடவை வேண்டுமென்றே, அடிக்க விடாமல், அவரை முதல் பேஸுக்கு நடத்தி அனுப்பினார்கள். சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் கோழியைச் சுவரில் தொங்கவிட்டார்கள், கோழி என்றால் இங்கே பயந்தாங்கொள்ளி.

அடுத்து சான் டியேகோ. போன வருஷம் முதல் ஆட்டத்தன்று அங்கேதான் அவர் பக்கமாக ஒரு சிரிஞ்சை வீசினார்கள். முனையில் ஊசி இல்லாதது. அவரே எடுத்து வெளியே போட்டார்.

ஆகஸ்ட் 4, சனி

755.

இடது பக்கம், இரண்டாவது இன்னிங்ஸ். போட்ட பிட்சர் ஹென்ஸ்லி 2005இல் சின்ன லீகில் ஸ்டீராய்டுக்காகத் தண்டனை வாங்கியவர். இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லியிருப்பேன்.

பேஸ்பால் கமிஷனர் செலிக் எழுந்து நின்றார், இரண்டு கையும் கால்சட்டைப் பையில். கைதட்டவில்லை. அவர் ஹேங்க் ஆரனுக்கு நெடுநாள் நண்பர், சங்கடம் புரிகிறது. ஆனால் 1990களின் கடைசியில் மைதானம் நிரம்பி வழிந்தபோது கமிஷனர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அப்போது அந்தக் கைகள் எங்கே இருந்தன?

ஆரனின் கதையும் ஒன்றும் இனிப்பல்ல. 1973இல் அவருக்கு வந்த கடிதங்கள் ஒன்பது லட்சத்துக்கு மேல். அதில் கொலை மிரட்டல்கள் எத்தனையோ. ஒரு கறுப்பர் வெள்ளைக்கார நாயகன் பேப் ரூத்தின் 714ஐத் தாண்டக் கூடாது என்பதற்காக. அவர் ஸ்டீராய்டு எதுவும் எடுக்கவில்லை, யாரையும் குள்ளன் என்று சொல்லவில்லை. 1974 ஏப்ரல் 8இல் 715ஐ அடித்தபோது அன்றைய கமிஷனர் போவி கூன் மைதானத்தில் இல்லை, கிளீவ்லாண்டில் இருந்தார். ஆரன் அதை மறக்கவே இல்லை. இப்போது பாண்ட்ஸுக்காகப் பயணம் வரமாட்டேன் என்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆரனின் மரியாதையைக் காப்பாற்றுகிறோம் என்று இன்று பத்தி பத்தியாக எழுதுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆகஸ்ட் 6

இன்றும் இல்லை. கூரியரும் இல்லை.

ஆகஸ்ட் 7, செவ்வாய், நடு ராத்திரி

மத்தியானம் கூரியர் வந்தது. அப்பாவின் கையெழுத்து ஸ்டாம்புப் பேப்பருக்கு வெளியே ஓடியிருக்கிறது.

ராத்திரி ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால். ஐந்தாவது இன்னிங்ஸ், வாஷிங்டன் பிட்சர் பாக்சிக், மூன்று பால் இரண்டு ஸ்டிரைக். வலது நடுப்பக்கம் 435 அடி. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, பாண்ட்ஸ் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மகன் ஹோம் பிளேட்டில் நின்றான். மேஸ் இறங்கி வந்தார். பந்து விழுந்த இடத்தில் அடிதடி, கடைசியில் நியூயார்க் மெட்ஸ் சட்டை போட்ட ஒரு பையன் முகமெல்லாம் கீறலோடு போலீஸ் நடுவில் வந்தான்.

அப்புறம் பெரிய திரையில் ஆரன். வரமாட்டேன் என்றவர் முன்பே பேசிப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். திறமை, நீண்ட உழைப்பு, விடாப்பிடி என்று நிதானமாக வாழ்த்தினார். பாண்ட்ஸ் அண்ணாந்து பார்த்து அப்பாவுக்கு நன்றி சொல்லும்போது குரல் உடைந்தது. நானும் அழுதேன், எழுத வெட்கமாக இருக்கிறது. இவர் எட்டிப் பார்த்து "என்ன, ஊர்லேர்ந்து போனா?" என்றார்.

பாக்சிக்கின் அப்பாவும் பிட்சர். 1976இல் 755இல் நின்ற ஆரனுக்குப் பந்து போட்டு ஹோம் ரன் கொடுக்காமல் தப்பித்தவர்.

செலிக் வரவில்லை. ஜயன்ட்ஸ் 8-6 தோல்வி. அது யாருக்கும் வேண்டாம்.

ஆகஸ்ட் 8

நிருபர் கூட்டத்தில் பாண்ட்ஸ் இந்தச் சாதனையில் கறை எதுவும் இல்லை, முற்றுப்புள்ளி என்றாராம். கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த உடம்பையும் அந்தத் தலையையும் 1990 படத்தோடு வைத்துப் பார்த்தால் போதும். நேற்று அழுததும் இதுவும் ஒன்றையொன்று அடித்துவிடாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் 1961ஐப் பற்றிச் சொன்னார். ரோஜர் மாரிஸ் ரூத்தின் ஒரு சீசன் சாதனையான 60ஐத் துரத்தியபோது நிருபர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் சுற்றி நின்று கேட்ட கேள்விகளில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதாம். 61வதை அடித்த அன்று யாங்கி ஸ்டேடியத்தில் 23,154 பேர்தான். அந்த ஆள் செய்த குற்றம், அவர் எல்லாருக்கும் பிடித்த சக யாங்கி வீரர் மாண்டில் இல்லை, சிரித்துப் பேசத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17

கெடு முடிந்தது. எங்கள் கட்டு போய்ச் சேர்ந்துவிட்டதாம். ரசீது வரவில்லை.

செப்டம்பர் 22

அடுத்த வருஷம் பாண்ட்ஸ் வேண்டாம் என்று ஜயன்ட்ஸ் சொல்லிவிட்டது. துரத்தல் முடிந்தது, டிக்கெட் விற்றாயிற்று.

செப்டம்பர் 27, வியாழன்

756வது பந்தை 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்த உடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ, அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் ஓட்டு நடத்தினார். சாதனை சந்தேகத்துக்குரியது என்று காட்டும் நட்சத்திரக் குறி பொறித்து கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் மியூசியத்துக்கு அனுப்பு என்பதற்குத்தான் அதிக ஓட்டு. முடிவு வந்தது நேற்று. நேற்றேதான் இங்கே அவருடைய கடைசி ஆட்டம். பிட்சர் பீவி போட்ட பந்தை ஆழமாகத் தூக்கினார், வேலிக்கு முன்னால் பிடித்துவிட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவர் உள்ளே போய்விட்டார். நிருபர்களுக்கு நேற்றும் ஒரு வரி கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஜூலையில் அவரை ஆல் ஸ்டாருக்கு அனுப்பியதும் ஓட்டுதான், இதுவும் ஓட்டுதான். இரண்டிலும் ஒரே ஆள் குத்தியிருக்க முடியும் என்று தோன்றுகிறது.

கைரேகைக்கு அழைப்பு வந்திருக்கிறது. எனக்கு மட்டும், இவருக்கு இல்லை. வக்கீலுக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.