பிஜோ தியேட்டரின் ஆபரேட்டர் ரூம்

‘தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்’ 1957-இல் வந்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். பேசில் டியர்டன் இயக்கியது, கறுப்பு வெள்ளை, சுமார் 80 நிமிடம். பீட்டர் செல்லர்ஸ் ரசிகர்களிலேயே பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கும்போது ஆபரேட்டர் ரூமை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

கதை எளிது. ஓர் இளம் தம்பதிக்குச் சொத்தாக பிஜோ என்ற ஓட்டைத் தியேட்டர் வருகிறது. கார் நிறுத்த அந்த இடத்தைக் கேட்டு முன்பு 5000 பவுண்டு பேசிய போட்டித் தியேட்டரான கிராண்டின் முதலாளி, இப்போது 500 என்கிறார். விலையை ஏற்ற, தியேட்டரைத் திறக்கப்போவதாக நாடகமாடுகிறார்கள்.

பிஜோ நிற்பது இரண்டு ரயில் பாலங்களுக்கு நடுவே. ரயில் போனால் கட்டடமே குலுங்கும். புரொஜக்டருக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரிந்தால் சிரிப்பு இரட்டிப்பாகும். வெளிச்சம் பிலிமில் பாயும் சட்டமான கேட்டில், பிலிம் நொடிக்கு 24 முறை நின்று நின்று நகர்கிறது. மேலும் கீழும் உள்ள பல்சக்கரங்களோ நிற்காமல் சுற்றுகின்றன. இரண்டுக்கும் ஒத்துப்போகத்தான் கேட்டுக்கு மேலும் கீழும் பிலிமைத் தளர்வாக வளைத்து விடுகிறார்கள். அந்த லூப் போனால் படம் துள்ளும், பிலிம் கிழியும். ஒலி படிக்கும் இடம் சுமார் 20 பிரேம் தள்ளி இருப்பதால், கீழ் லூப் அளவு மாறினால் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகள் வேறு எரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் இடைவெளி கூடினால் வெளிச்சம் மங்கி அணைந்துவிடும்.

இதையெல்லாம் சமாளிக்க வேண்டிய ஆபரேட்டர் பெர்சி குவில் விஸ்கி பிரியர். 31 வயது செல்லர்ஸ் அந்தக் கிழவராகவே மாறியிருக்கிறார். 2000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி வந்ததும் அடுத்த ரீல் மாட்டிய இரண்டாவது புரொஜக்டரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடி கழித்து வரும் இரண்டாவது புள்ளியில் படத்தை அதற்கு மாற்ற வேண்டும். போதையில் அதைத் தவறவிட்டால் வெள்ளைத் திரைதான், கூடவே விசில்.

இடைவேளை வியாபாரத்துக்கும் ஒரு வழி காட்டுகிறார்கள்: பாலைவனப் படம் ஓடும்போது ஹீட்டரைக் கூட்டிவிட்டுக் குளிர்ந்த பண்டங்களை விற்பது.

ஆனால் படத்தின் உயிர் வேறு இடத்தில். ஆட்டம் முடிந்த இரவில் மூன்று பழைய ஊழியர்களும் தங்களுக்காகவே ஒரு மௌனப் படம் போட்டுக்கொள்கிறார்கள். குவில் ஓட்ட, டிக்கெட் கொடுப்பவராக நடிக்கும் மார்கரெட் ரதர்ஃபோர்ட் பியானோ வாசிக்கிறார். அது 1923-இல் செசில் ஹெப்வொர்த் எடுத்த ‘கமின் த்ரூ தி ரை’ என்ற நிஜப் படம். அந்தக் காட்சியில் யாரையும் கேலி செய்யவில்லை டியர்டன்.

பிஜோவைத் தேடி லண்டன் போக வேண்டாம். அது லண்டனின் கில்பர்ன் பகுதியில் பாலங்களுக்கு நடுவே போட்ட செட். கிராண்ட் தியேட்டராக வரும் லண்டன் ஹாமர்ஸ்மித்தின் கௌமான்ட் தியேட்டர் மட்டும் இன்றும் கச்சேரி அரங்காக இருக்கிறது.